கொய்யாக் கவை

முயலடிக்கச் சடைச்சி செய்துவைத்திருந்த ஒன்பது உண்டிவில்களையும் வனக்காவலர் தன் அலுவலக வாசலில் போட்டுக் கொளுத்தினார். காட்டுப் புளியில் இரண்டாகப் பிரியும் கவை பார்த்து வெட்டி, மாதக்கணக்கில் காயவைத்துச் செதுக்கியவை. முதலில் ரப்பர் உருகி நாறியது. சடைச்சி முகத்தைத் திருப்பவில்லை. கடைசிப் பிடி கருகும்வரை நின்று பார்த்தாள்.

“இனிமே செய்வியா?” என்றார்.

அவள் பக்கத்திலிருந்த கொய்யா மரத்தடிக்குப் போனாள். ஒவ்வொரு கிளையாக வளைத்துப் பார்த்து, ஒரு கவையில் விரல்களை விரித்து அளந்தாள்.

“இது ரெண்டு பக்கமும் ஒரே கனம் சார். முறியாது.”

“ஏய், அது ஆபீஸ் மரம்!”

“காட்டு மரத்தத்தான சார் தொடக் கூடாதுன்னீங்க” என்று, அவர் பிடுங்கி வைத்திருந்த தன் கத்திக்காகக் கை நீட்டினாள்.