சமமான வேலை

சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு புதுசு என்று எல்லோரும் கூப்பிடுகிற அந்தப் பெண் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"என் கையிலயே குத்துங்கக்கா."

ஊசியோடு நின்ற கொசு இதை எதிர்பார்க்கவில்லை.

ரத்தம் எடுக்கும் அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. நெடுநாள் ஊசி பிடிக்காமல் இருந்துவிட்டுத் திரும்பி வருகிறவர், முதல் ஊசியை உடன் வேலை செய்கிறவர் கையில்தான் போட வேண்டும். நோயாளியின் கையில் ஒத்திகை பார்க்கக் கூடாது. எடுத்த ரத்தத்தைக் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டு ஆளுக்கொரு டீ குடித்தால் சடங்கு முடிந்தது.

ஒரு காலத்தில் கொசு ஊசி குத்தினால் குத்தியதே தெரியாது. குழந்தைகள் அதனால்தான் கொசு என்று பேர் வைத்தார்கள். அப்புறம் டாக்டர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

அப்பேர்ப்பட்ட கையைத்தான் ஆஸ்பத்திரி நிர்வாகி, சில மாதத்துக்குத்தான் என்று சொல்லி, மாடியில் இருந்த, ஊசியே தொடாமல் பாடம் மட்டும் நடத்தும் பயிற்சிப் பிரிவுக்குத் தற்காலிகமாக அனுப்பினார். தற்காலிகம் வருடக்கணக்கில் இழுத்தது. கீழே அவள் இடத்துக்கு வந்தவள்தான் புதுசு. இத்தனை வருடமாகியும் அந்தப் பேர் மட்டும் பழசாகவில்லை.

போன மாதம் பயிற்சிப் பிரிவையே மூடிவிட்டார்கள்.

பழைய இடத்துக்குத் திரும்ப எனக்கு உரிமை உண்டு என்று கொசு நிர்வாகியின் முன்னால் போய் நின்றாள். அவர் விதியை வாசித்துக் காட்டினார். பழைய வேலை, அல்லது அதற்குச் சமமான வேலை. அந்த 'அல்லது'வை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டார். பழைய இடத்தில்தான் ஆள் இருக்கிறதே, அவசரப் பிரிவில் இரவு வேலை காலியாக இருக்கிறது, அதே பதவி, அதே சம்பளம், இதைவிடச் சமமாக என்னம்மா வேண்டும் என்றார்.

இரவும் பகலும் எப்படி ஐயா சமமாகும் என்று அவள் கேட்டாள்.

வீட்டில் அவளும் மகளும் மட்டும்தான். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளை ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிடும். காவலாளி முதல் எல்லோருக்கும் அது தெரியும். இரவு வேலை என்றால் அந்தப் பிள்ளையை யாரை நம்பி விட்டு வருவது? ஆனால் இதைப் பற்றிக் கொசு மூச்சு விடவில்லை. அவள் இரக்கம் கேட்டு வந்தவள் இல்லை. அறைக் கதவு திறந்து கிடக்கிறதே, வெளியே கேட்குமே என்றுகூடப் பார்க்காமல், தொண்டைத் தண்ணீர் வற்ற விதியை மட்டும் வைத்தே வாதாடினாள்.

நேற்று நிர்வாகி கூப்பிட்டு, நாளையிலிருந்து பழைய இடத்துக்கே போங்கள் என்றார். மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. கொசுவுக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா பேசிப் பேசியே ஜெயித்துவிட்டேன் பார் என்று மகளிடம் போய்ப் பீற்றிக்கொண்டாள்.

புதுசை நினைத்தபோதுதான் கொஞ்சம் சுருக்கென்றது. வேறு எங்கேயாவது பகல் வேலையாகப் போட்டுக் கொடுப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். காலையில் அவள் முகம் கொடுத்துப் பேசமாட்டாள் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தாள்.

அவளோ கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

கொசு ரப்பர் பட்டையைக் கட்டினாள். விரலால் தடவினாள். நரம்பு பிடிபடவில்லை. இன்னொரு முறை தடவினாள். உரிமை திரும்பி வந்துவிட்டது, கை திரும்பி வராவிட்டால் என்ன செய்வது?

புதுசு அவசரப்படுத்தவில்லை. மணிக்கட்டைத் தளர்த்தி, கையை இன்னும் கொஞ்சம் அவள் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

கண்ணை மூடிக்கொண்டு தடவியபோது விரலுக்குக் கீழே நரம்பு மெல்ல எழுந்தது. ஊசி இறங்கியது. குப்பியில் ரத்தம் ஏறியது.

எப்போது குத்தினீர்கள் என்று புதுசு கேட்டாள். கேலிக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். கொசுவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை.

பஞ்சை வைத்து அழுத்திக் கையை மடக்கிவிட்டு, குப்பியைக் கழிவுப் பெட்டியில் போடப் போனாள். புதுசு தடுத்தாள். போட்டுவிட வேண்டாம், லேபுக்கு அனுப்பிவிடுங்கள் என்றாள். உடம்புக்கு என்ன என்று கொசு பதறினாள்.

உடம்புக்கு ஒன்றுமில்லையாம். அவசரப் பிரிவில் இரவு வேலைக்குச் சேருகிறவர்கள் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமாம். அவள் இன்றைக்கே சேருகிறாளாம்.

குப்பி கொசுவின் உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது.

தான் பேசிய பேச்சுக்கு நிர்வாகி ஒரு அங்குலம்கூட அசைந்திருக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

யார் உன்னை அங்கே தள்ளியது என்று கேட்டாள். யாரும் தள்ளவில்லை, நானேதான் கேட்டு வாங்கினேன் என்றாள் புதுசு. கொசுவுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தில் கோபம் வந்தது. ராத்திரியெல்லாம் இங்கே கிடந்தால் உன் வீட்டை யார் பார்ப்பது என்று அதட்டினாள்.

புதுசு சட்டைக் கையை நிதானமாக இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"வீட்ல யாரும் இல்லக்கா. ராத்திரிதான் ரொம்ப நீளமா இருக்கு."