எஞ்சி நின்ற வாழை

தோட்டத்து வாழைகள் எல்லாம் மஞ்சளாகித் தொங்கிவிட்டன. கிணற்றோரத்து வாழை மட்டும் பச்சையாக நின்றது. ஆய்வு நிலையத்திலிருந்து வந்திருந்த தமிழரசி அதன் அடிக்கிழங்கில் கத்தியை இறக்கிச் சிறு துண்டு ஒன்றை வெட்டியெடுத்தாள். தோட்டத்துச் சொந்தக்காரர் அருளப்பன் எட்டிப் பார்த்தார். மற்ற வாழைகளை உள்ளே அரித்த நோயின் அதே செம்பழுப்புக் கோடு இதிலும் ஓடியது.

"இதுலயும் வந்துட்டா மேடம்?"

"வந்து ரொம்ப நாளாச்சு அண்ணாச்சி. ஆனா மேல ஏறல. இதுக்குள்ளயே குடியிருக்கிற வேற ஏதோ கிருமி அதை மறிச்சு வச்சிருக்கு. அதைப் பிரிச்சு எடுத்துட்டோம்னா ஊர்ல மிச்சமிருக்கிற வாழையவாவது காப்பாத்திரலாம்."

துண்டைக் குப்பியில் போட்டு மூடியவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"இதுக்கு மருந்து எதுவும் ஊத்திரலைல்லா?"

அருளப்பன் வேரடியைப் பார்த்தார். இது ஒன்றாவது பிழைக்கட்டும் என்றுதான், ஒரு கிருமிகூட மிஞ்சக் கூடாது என்று கடையில் சொல்லி வாங்கிய மருந்தைக் காலையில் இரண்டு குடம் கரைத்து ஊற்றியிருந்தார். மண் இன்னும் காயவில்லை.

"தண்ணிதான் மேடம் விட்டேன்."

தமிழரசி குனிந்து, அந்த ஈர மண்ணில் ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனாள்.