இரத்மலானையிலிருந்து பலாலிக்கு

பெண் பார்க்கக் கிளிநொச்சிக்கு வந்திருந்த ஜனகன், கதிரை நுனியில் இருந்தான். கொழும்பிலிருந்து விமானத்தில் வந்ததாகச் சொல்லும்படி, அவன் பார்க்க வந்த வினோஜா முதல்நாளே தொலைபேசியில் சொல்லியிருந்தாள். அவளுடைய தகப்பன் சிற்றம்பலம் அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இரத்மலானையில இருந்து பலாலி எவ்வளவு தூரம், தம்பி?"

"முந்நூறு கிலோமீற்றர் வரும், மாமா."

"பறக்க எவ்வளவு நேரம்?"

"ஒரு மணித்தியாலமும் பத்து நிமிஷமும்." பாடமாக்கியதை அப்படியே ஒப்புவித்தான்.

"பிறகு?"

"பலாலியில வான் பிடிச்சு நேர இஞ்ச வந்தனான்."

சிற்றம்பலம் அவன் கொண்டுவந்த வேர்க்கடலைப் பையைப் பார்த்தார். "அப்ப இந்த முறிகண்டிக் கச்சான்? பலாலி எங்களுக்கு வடக்க. முறிகண்டி தெற்க, கொழும்புப் பக்கமெல்லோ கிடக்கு."

ஜனகன் பையைத் தன் பக்கம் இழுத்தான். கொழும்பு பஸ்கள் எல்லாம் நிற்கிற கோயிலடி அது. பழக்கதோஷத்தில் இறங்கி வாங்கிவிட்டான். இனி இந்தக் கல்யாணம் நடக்காது என்றே நினைத்தான்.

"பொய் சொல்லிப்போட்டன், மாமா. பஸ்ஸிலதான் வந்தனான்."

"அது எனக்குத் தெரியும்." சிற்றம்பலம் எழுந்துபோய்க் கச்சானை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். "மருமகன் பிளேனில வாறார் எண்டு ஊர் முழுக்கச் சொன்னதே நான்தான். என்ர அக்கா இப்ப வரப்போறா. அவா என்னைவிடத் துருவித் துருவிக் கேப்பா. எங்க, முதலில இருந்து சொல்லும் பாப்பம்."