பாட்டின் கடைசிச் சத்தம்

கடல் சூழ்ந்த காடொன்றில் ஒரு பாட்டுக்குருவி இருந்தது. அதற்குப் பாடச் சொல்லித்தர அந்தப் பக்கத்தில் அதன் இனத்தில் யாரும் மிஞ்சவில்லை. மனிதர்கள் மரத்தில் கட்டிவிட்டுப் போன ஒலிப்பெட்டிதான் விடிந்தால் பாடும். கேட்டுக் கேட்டுக் குருவியும் கற்றுக்கொண்டது.

ஒருநாள் மலைக்கு அப்பாலிருந்து ஒரு பெண்குருவி வந்தது. நம் குருவிக்குத் தலைகால் புரியவில்லை. உயிரைக் கொடுத்துப் பாடி, கடைசியில் "டொக்" என்று முடித்தது.

பெண்குருவி சிலிர்த்துக்கொண்டு விலகி உட்கார்ந்தது. "எல்லாம் சரி. அதென்ன டொக்?"

"பாட்டு அப்படித்தானே முடியும்?"

"எங்க பக்கம் யாரும் அப்படி முடிக்கிறதில்ல."

குருவி நேரே பெட்டியிடம் போனது. "நீதானே சொல்லிக்கொடுத்தே. டொக் பாட்டுல உண்டா, இல்லையா?"

"எனக்கென்ன தெரியும்? உன் பாட்டன் பாடினதை அப்படியே வச்சிருக்கேன்," என்றது பெட்டி. "அந்தச் சத்தம் வந்ததும் அவர் நிறுத்திட்டார். அப்புறம் பாடவே இல்ல."

மறுநாள் விடியலில் குருவி டொக்கை விட்டுவிட்டுப் பாடி முடித்தது. பெண்குருவி பக்கத்தில் வந்து ஒட்டி உட்கார்ந்தது.

பெட்டி அன்று வாயே திறக்கவில்லை. ஆனாலும் கீழே அடிமரத்தில் கோடாலி இறங்கி டொக் என்று கேட்டது. அவை இருந்த கிளை அதிர்ந்தது.