மாமனார் தந்த ரைபிள்

மாமனார் கல்யாணச் சீராகத் தந்த பழைய ஒற்றைத் தோட்டா ரைபிளைக் குற்றாலலிங்கம் மாதக்கணக்கில் தேய்த்தார். சுரண்டிய துருவில் ஓர் அரிவாளே அடித்திருக்கலாம். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, கட்டிலில் தலையணை போட்டுப் படுக்கவைத்தார். மனைவி விஜயஸ்ரீக்குத் தரைதான்.

ஆழ்வார்குறிச்சியிலிருந்து மாமனார் விருந்துக்கு வந்து இலை முன்னால் உட்கார்ந்ததும் குற்றாலலிங்கம் பிடித்துக்கொண்டார்.

"சுடாத துப்பாக்கியத் தலையில கட்டிட்டியளே மாமா! தோட்டாவத் தட்டுத ஊசியே அதுல இல்ல. பாளையங்கோட்டையில புதுசு செஞ்சு மாட்டிட்டேன்."

மாமனார் முகம் வெளுத்தது.

"மாட்டியாச்சா? உங்க கோவத்துக்குப் பயந்து அதப் பிடுங்குனதே நாந்தான் மாப்ளே."

"எனக்கா கோவம்?" என்று தன் இலையை எத்திவிட்டு, ரைபிளைத் தூக்கி மாமனாருக்கு நேரே நீட்டினார்.

விஜயஸ்ரீ சாம்பார் வாளியைக் கீழே வைக்கவில்லை.

"நீங்க சாப்பிடுங்கப்பா. புது ஊசியயும் நான் பிடுங்கிக் குறுக்குத்துறை ஆத்துல போட்டாச்சு."