எறும்புக்கடி

"அசையாதீங்க. மூக்கோரமா கத்தி வருது."

மல்லாந்து கிடந்தவர் கத்தி பிடித்த கை நடுங்குவதைக் கவனித்துவிட்டார்.

"கத்தியைத் தொட்டு ரொம்ப நாளாச்சோ?"

"ஆமா. நீங்கதான் முதல் ஆள். வேணாம்னா இப்பவே எழுந்து போயிடுங்க."

"போகமாட்டேன். வலிக்குமா?"

அவர் முகத்துக்கு மேல் ஒரு தழும்பு குனிந்தது. தோல் புற்றுநோய்க்காக, மல்லாந்து கிடந்தவரே முன்பு வெட்டித் தைத்த கன்னம். 'இந்த மூஞ்சிகிட்ட எவன் ஷேவிங்குக்கு வருவான்?' என்று அதன்பின் சலூனையே பூட்டிப் போட்டிருந்தார் அந்தக் கன்னத்துக்காரர். இன்று கதவைத் தட்டித் திறக்க வைத்ததும் படுத்திருக்கும் இவர்தான்.

சலூன்காரர் ஆபரேஷனுக்குப் பின் முதன்முறையாகக் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார். கை நடுக்கம் நின்றது.

"ஆபரேஷன் அன்னைக்கு நீங்க எனக்குச் சொன்னதுதான் டாக்டர். எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்!"