பதில் வராத கேள்வி

"அந்த அப்ரூவ் பட்டனை அமுக்கும்மா, முடிஞ்சிடும்…"

"முடிய வேண்டாம்னுதானேண்ணே…"

"எல்லாத்தையும் புது சர்வருக்கு மாத்தணும். இது ஒண்ணுதான் பாக்கி."

டி.வி.க்குக் கீழே கதிரவேல் வைத்து நடத்திய சின்ன சர்வர் கம்ப்யூட்டர் முனகிக்கொண்டிருந்தது. அவன் எழுதும் புரோகிராமை மனைவி வெண்ணிலா படித்துச் சரியென்றால்தான் சேர்க்கலாம். அது அவனே வைத்த விதி. கடைசியாக எழுதியது சேராமலே அவன் இறந்துவிட்டான்.

அவனுடைய கூட்டாளி ஜெபராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருக்கான். எதுல தப்பு?"

திரையில் 'இந்த வரி எதுக்கு?' என்று அவள் கேட்டிருந்தாள். அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

"தப்பே இல்லண்ணே. சும்மா வம்புக்குக் கேட்டேன். அவர் பதில் போடட்டும், அமுக்குறேன்."